பொட்டலத்தின் பின்னால் ஓர் எண்

கடையில் ஒரு பொட்டலம் வாங்குகிறோம். அது நூடுல்ஸாக இருக்கலாம். ஜாம் புட்டியாக இருக்கலாம். முன்பக்கம் அழகான படம் இருக்கும். அதைப் பார்த்துத்தான் வாங்குகிறோம். பின்பக்கத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. ஆனால் விஷயம் எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கிறது.

பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். ஆங்கிலம் அல்லது இந்தி, இரண்டில் ஒன்று கட்டாயம் என்பது நம் நாட்டு விதி. தமிழில் போடுவது கம்பெனியின் விருப்பம். இதனால் மனம் தளர வேண்டாம். அந்த எழுத்துக்களுக்கு நடுவே எண்கள் இருக்கும். எண்களை நாம் படிப்போம். பஸ் எண்ணைப் படிக்கிறோம். ரேஷன் கடை பில்லைப் படிக்கிறோம். இதையும் படிக்கலாம்.

ஒரு தொடர்கல்வி மையத்தில் ஒரு பெரியம்மாவும் தொண்டர் பெண்ணும் பேசுவதைக் கேளுங்கள்.

பெரியம்மா: ஏம்மா, இதுல 330ன்னு போட்டிருக்கே. இதுதான் விலையா?

தொண்டர்: விலை இல்லை பெரியம்மா. விலை அந்தப் பக்கம் இருக்கு. இது உள்ளே கலந்திருக்கிற ஒரு பொருளோட எண்.

பெரியம்மா: பொருளுக்குப் பேர் வைக்காம நம்பர் வைப்பாங்களா? ஜெயில்லதான் ஆளுக்கு நம்பர் கொடுப்பாங்க.

தொண்டர்: ஒரே பொருளுக்கு ஊருக்கு ஒரு பேர் இருக்கே பெரியம்மா. நாம எலுமிச்சை உப்புன்னு சொல்றோம். வடநாட்டுல நிம்பூ கா பூல், அதாவது எலுமிச்சைப் பூன்னு சொல்றாங்க. படிச்சவங்க சிட்ரிக் அமிலம்னு சொல்றாங்க. எல்லாம் ஒண்ணுதான். எண் போட்டா எந்த நாட்டுலயும் குழப்பம் வராது.

பெரியம்மா: அட, எலுமிச்சை உப்பா? அதைத்தான் ஏதோ மருந்துன்னு நினைச்சுப் பயந்தேனா?

பெரியம்மாவைப் போலப் பலர் பயப்படுகிறார்கள். வேறு சிலர் எதையும் பார்க்காமல் வாங்குகிறார்கள். இரண்டும் வேண்டாம். அந்தப் பொருள் என்ன, எதற்காகச் சேர்க்கிறார்கள், எங்கே ஆபத்து இருக்கிறது என்று பார்ப்போம்.

புளிப்புக்கு ஒரு ரெகுலேட்டர்

330 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 'அசிடிட்டி ரெகுலேட்டர்' என்று அச்சடித்திருக்கும். ரெகுலேட்டர் நமக்குத் தெரிந்த சொல்தான். மின்விசிறிக்கு ரெகுலேட்டர் இருக்கிறது. அதைத் திருகினால் வேகம் கூடும் அல்லது குறையும். அதுபோல, உணவில் புளிப்பைக் கூட்டவும் குறைக்கவும் ஒரே அளவில் நிறுத்தவும் சேர்க்கும் பொருளுக்கு அசிடிட்டி ரெகுலேட்டர் என்று பெயர். தமிழில் அமிலத்தன்மை சீராக்கி என்கிறார்கள். நாம் புளிப்புச் சீராக்கி என்று சொல்வோம்.

புளிப்பான பொருளில் அமிலம் இருக்கிறது. அமிலத்துக்கு எதிரானது காரம். இங்கே காரம் என்றால் மிளகாய்க் காரம் அல்ல. அப்பளக்காரம் என்று சொல்கிறோமே, அந்தக் காரம். சுண்ணாம்பு, சோடா, சாம்பல் எல்லாம் இந்த வகை.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர் ஊற்றுங்கள். அதில் ஒரு துளி சுண்ணாம்பு கலக்குங்கள். தண்ணீர் சிவப்பாகிவிடும். கல்யாண வீட்டில் ஆரத்தி கரைக்கும்போது இதைத்தான் செய்கிறோம். இனி அந்தச் சிவப்புத் தண்ணீரில் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். மறுபடியும் மஞ்சளாகும். காரம் சேர்ந்தால் சிவப்பு, அமிலம் சேர்ந்தால் மஞ்சள். சுண்ணாம்புக்குப் பதில் சமையல் சோடா போட்டால் செம்பழுப்பு நிறம் வரும். சோடாவின் காரம் சுண்ணாம்பைவிடக் குறைவு.

விஞ்ஞானிகள் இதை எண்ணால் அளக்கிறார்கள். அந்த அளவுக்கு பி.எச். என்று பெயர். சுத்தமான தண்ணீருக்கு 7. ஏழுக்குக் கீழே போகப் போகப் புளிப்பு அதிகம். எலுமிச்சைச் சாறு சுமார் 2. தயிர் 4 அல்லது நாலரை. ஏழுக்கு மேலே போனால் காரம்.

நம் அடுப்படியில் உள்ள எண்கள்

எலுமிச்சையில் உள்ள சிட்ரிக் அமிலத்துக்கு 330. புளியில் உள்ளது டார்டாரிக் அமிலம். அதற்கு எண் 334. தயிரைப் புளிக்க வைப்பது லாக்டிக் அமிலம். அதற்கு 270. வினிகர் என்று விற்கிறார்களே, அதில் இருப்பது அசிட்டிக் அமிலம். எண் 260. ஆப்பத்துக்குப் போடும் சமையல் சோடாவுக்கு 500. ஆக, பாட்டி காலத்திலிருந்தே நாம் புளிப்புச் சீராக்கிகளைப் பயன்படுத்தி வருகிறோம். அப்போது அவற்றுக்கு எண் இல்லை, அவ்வளவுதான்.

கோலா பானங்களில் 338 என்று பார்த்திருப்பீர்கள். அது பாஸ்பாரிக் அமிலம். அது நம் அடுப்படிப் பொருள் அல்ல. அதற்கு உலக அளவில் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். சிட்ரிக் அமிலத்துக்கு அப்படி வரம்பு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களும் உலக உணவு வேளாண்மை அமைப்பின் நிபுணர்களும் ஒரே குழுவாக உட்கார்ந்து ஆராய்ந்தார்கள். சிட்ரிக் அமிலத்துக்குத் தினசரி வரம்பு தேவையில்லை என்று 1973இல் முடிவு சொன்னார்கள். அது நம் உடம்புக்குள்ளேயே ஓயாமல் உண்டாகிற பொருள்.

எதற்காகச் சேர்க்கிறார்கள்?

முதல் காரணம் ருசி. இதை விளக்க வேண்டியதில்லை. ஜாம் கெட்டியாக உறையவும் புளிப்பு தேவை. நூடுல்ஸ் இழை குழையாமல் இருக்கக் கார உப்பு சேர்க்கிறார்கள்.

முக்கியமான காரணம் வேறு. புளிப்பு கிருமியைத் தடுக்கும்.

கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்று ஒரு கிருமி இருக்கிறது. பெயர் நீளம். பெயரை மறந்தாலும் பரவாயில்லை, அதன் குணத்தை மறக்கக் கூடாது. அது மண்ணில் வாழும். காற்றுப் புகாத இடத்தில் வளரும். சாதாரணமாகக் கொதிக்க வைத்தால் அதன் விதை போன்ற பகுதி சாகாது. மூடிய புட்டிக்குள் அது வளர்ந்து விஷத்தைக் கக்கும். அந்த விஷம் நரம்பைத் தாக்கும். மூச்சு விட முடியாமல் ஆள் இறந்து போகலாம். உணவில் நாற்றம் வராமலே இது நடக்கலாம்.

இந்தக் கிருமிக்குப் புளிப்பு ஆகாது. பி.எச். அளவு 4.6க்கு மேலே போகாமல் புளிப்பு இருந்தால் அது வளராது. மாங்காய் ஊறுகாயும் எலுமிச்சை ஊறுகாயும் பல மாதம் நிற்கின்றன. உப்பு ஒரு காரணம், புளிப்பு இன்னொரு காரணம்.

தக்காளி எல்லைக்கோட்டில் நிற்கிறது. சில தக்காளி போதிய புளிப்போடு இருக்கும். நன்றாகக் கனிந்த தக்காளியில் புளிப்பு குறைந்திருக்கும். அதனால்தான் தக்காளியைப் புட்டியில் அடைப்பவர்கள் ஒரு லிட்டருக்கு அரைத் தேக்கரண்டி எலுமிச்சை உப்பு சேர்க்கிறார்கள். இது ருசிக்காக மட்டும் அல்ல. தக்காளிச் சாறு தயாரித்து விற்கும் மகளிர் குழுக்கள் இந்த அரைத் தேக்கரண்டியை மறக்கக் கூடாது. இனிப்பாக இருக்கட்டும் என்று குறைக்கவும் கூடாது.

பூண்டுப் பற்களை எண்ணெயில் போட்டு மூடி, வெளியில் பல நாள் வைப்பது ஆபத்து. பூண்டில் புளிப்பு இல்லை. எண்ணெய் காற்றைத் தடுக்கும். அந்தக் கிருமிக்கு வேண்டியது அதுதான். புளியோ வினிகரோ நிறையச் சேர்த்த பூண்டு ஊறுகாய் வேறு.

பூசணம் கொடுத்த புளிப்பு

இவ்வளவு எலுமிச்சை உப்பு எங்கிருந்து வருகிறது? எல்லாம் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து எடுத்ததா? இல்லை.

சுவீடன் நாட்டில் ஷீலே என்ற விஞ்ஞானி 1784இல் எலுமிச்சைச் சாற்றிலிருந்து முதன்முதலாக இந்த உப்பைப் பிரித்தார். அதன்பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் இத்தாலி நாட்டு எலுமிச்சையை நம்பித்தான் உலகம் இருந்தது. 1917இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கரி என்பவர் ஒரு வழி கண்டார். ஈர ரொட்டியிலும் வெங்காயத்திலும் கறுப்பாகப் படர்கிறதே, அந்த வகைப் பூசணத்தைச் சர்க்கரைத் தண்ணீரில் வளர்த்தார். அது சிட்ரிக் அமிலத்தைத் தந்தது. 1919இல் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது. இன்று உலகில் விற்கும் எலுமிச்சை உப்பு பெரும்பாலும் இப்படிச் செய்ததுதான். பூசணத்தை வடித்துவிட்டு உப்பை மட்டும் எடுக்கிறார்கள்.

பழத்தில் இருந்தாலும் தொழிற்சாலையில் செய்தாலும் அமிலம் ஒன்றுதான். ஆனால் பழமும் உப்பும் ஒன்றல்ல. எலுமிச்சம்பழத்தில் வைட்டமின் சி இருக்கிறது. எலுமிச்சை உப்பில் அது இல்லை. புட்டியில் எலுமிச்சம்பழப் படம் போட்டிருப்பார்கள். உள்ளே சர்க்கரை, நிறம், 330 மட்டும் இருக்கும். கம்பெனிக்காரர்களின் இந்தத் தந்திரத்தில் ஏமாறுவது குழந்தைகள்தான்.

அச்சில் வந்த பொய்

1976இல் பிரான்சு நாட்டில் ஒரு துண்டுக் காகிதம் பரவியது. உணவில் சேர்க்கும் பொருள்களின் எண்களை அதில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். இவை புற்றுநோய் உண்டாக்கும் என்று எழுதியிருந்தது. அதிலேயே மிக ஆபத்தானது 330 என்றும் எழுதியிருந்தது. வில்ஜூயிஃப் என்ற ஊரில் உள்ள புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனையின் பெயரும் அதில் இருந்தது. மக்கள் நம்பினார்கள். நகல் எடுத்துக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடங்களுக்கும் போனது. நாடு விட்டு நாடு போனது.

அந்தக் காகிதத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை என்று மருத்துவமனை மறுத்தது. காகிதம் நிற்கவில்லை. பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டே இருந்தது.

330க்கு ஏன் அந்தக் கெட்ட பெயர் வந்தது? ஒரு விளக்கம் சொல்கிறார்கள். நம் உடம்பில் சிட்ரிக் அமிலம் எப்படிச் சுழல்கிறது என்று 1937இல் கண்டவர் ஹான்ஸ் கிரெப்ஸ். அவருக்கு 1953இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சுழற்சிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஜெர்மன் மொழியில் 'கிரெப்ஸ்' என்ற சொல்லுக்குப் புற்றுநோய் என்றும் பொருள் உண்டு. யாரோ அரைகுறையாகப் படித்து ஒன்றை மற்றொன்றாக நினைத்திருக்கலாம்.

இன்று துண்டுக் காகிதம் கைபேசியில் வருகிறது. யார் எழுதியது, எந்த ஆண்டு எழுதியது, பெயர் போட்ட மருத்துவமனை அதை ஒப்புக்கொள்கிறதா என்று கேளுங்கள்.

பன்காவ் முகாம்

ஒரு புளிப்புச் சீராக்கி உயிரைக் காத்த கதை நம் நாட்டில் நடந்தது.

1971இல் வங்கதேச விடுதலைப் போர். லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காளத்துக்கு வந்தார்கள். எல்லை ஊரான பன்காவில் முகாம் போட்டார்கள். அங்கே காலரா பரவியது. காலராவில் வாந்தியும் பேதியும் நிற்காது. உடம்பில் தண்ணீர் வற்றும். உப்பும் போகும். ரத்தத்தில் அமிலம் கூடிவிடும். நரம்பில் ஏற்ற வேண்டிய குளுக்கோஸ் புட்டிகள் தீர்ந்து போயின.

டாக்டர் திலீப் மகலானபிஸ் அங்கே வேலை செய்தார். அவர் மூன்று பொருள்களைக் கலந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் சமையல் உப்பு, இரண்டரை கிராம் சமையல் சோடா. பீப்பாயில் கரைத்து வைத்தார். நோயாளிக்குப் பக்கத்தில் இருந்த தாயும் அண்ணனும் கோப்பையில் மொண்டு கொடுத்தார்கள். அதுவரை 100 பேரில் சுமார் 30 பேர் இறந்தார்கள். இந்தத் தண்ணீர் வந்த பிறகு சாவு நூற்றுக்கு நாலுக்கும் கீழே இறங்கியது. அவர் 2022இல் காலமானார். 2023இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

உப்பும் குளுக்கோஸும் தண்ணீரை உடம்புக்குள் இழுத்தன. சோடாவின் வேலை ரத்தத்தில் கூடிய அமிலத்தைக் குறைப்பது. பொட்டலத்தில் அடைத்தபோது சோடா ஈரத்தில் கெட்டது. அதனால் அதற்குப் பதில் டிரைசோடியம் சிட்ரேட் சேர்த்தார்கள். அது சிட்ரிக் அமிலத்திலிருந்து கிடைக்கும் உப்பு. அதன் எண் 331. ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் இன்றும் அது இருக்கிறது. 20.5 கிராம் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரில் முழுதாகக் கரைக்க வேண்டும். வேறு எதையும் சேர்க்கக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

உண்மையான ஆபத்து எங்கே?

பொட்டலத்தில் எழுதிய எண்ணைக் கண்டு பயப்படுகிறோம். எதுவும் எழுதாத பொட்டலம் அலமாரியில் இருக்கிறது. அதைக் கண்டு பயப்படுவதில்லை.

எலுமிச்சை உப்பு வெள்ளை. சமையல் சோடா வெள்ளை. சலவை சோடாவும் வெள்ளை. காஸ்டிக் சோடாவும் வெள்ளைதான். எல்லாவற்றையும் ஒரே மாதிரிக் காகிதத்தில் மடித்து, ஒரே மாதிரி டப்பாவில் போட்டு வைக்கிறோம். காஸ்டிக் சோடா நாக்கில் பட்டால் வெந்துவிடும். உள்ளே போனால் உணவுக்குழாயே சுருங்கிப் போகும். சோப்பு செய்யும் வீடுகளில் மிகவும் எச்சரிக்கை தேவை.

பெரியம்மா: நாங்க மோந்து பார்த்தே கண்டுபிடிச்சிடுவோமே?

தொண்டர்: இதுக்கு எதுக்கும் வாசனை கிடையாது பெரியம்மா. வாயில வச்சுப் பார்த்தா அதுவே ஆபத்து.

வினிகரிலும் கவனம் தேவை. கடையில் விற்கும் வினிகரில் 100 பங்கில் 4 பங்கு அளவுக்குத்தான் அசிட்டிக் அமிலம் இருக்கிறது. 3.75க்குக் குறையக் கூடாது என்பது விதி. மீதி தண்ணீர். தொழிற்சாலைகளில் பயன்படுத்தும் அடர்த்தியான அமிலத்தில் ஏறக்குறைய 100 பங்கும் அமிலம்தான். மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்கித் தண்ணீர் கலந்து ஊறுகாய்க்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கை தவறினால் உடம்பு வெந்துவிடும். அது உணவுக்காகச் சுத்தம் செய்ததும் அல்ல.

யாராவது இப்படி எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரோ புளித் தண்ணீரோ கொடுக்காதீர்கள். உள்ளே போகும்போது ஒரு முறை சுட்டது, வெளியே வரும்போது மறுபடி சுடும். வாயைத் தண்ணீரால் கழுவித் துப்பச் சொல்லுங்கள். புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108 அல்லது 112 எண்ணைக் கூப்பிடுங்கள்.

பாத்திரமும் முக்கியம். புளிப்பான உணவைப் பூச்சு இல்லாத பித்தளையிலும் செம்பிலும் வைக்காதீர்கள். புளிப்பு செம்பைக் கரைக்கும். வாந்தி வரும், வயிறு வலிக்கும். இதற்காகத்தான் அந்தக் காலத்தில் ஈயம் பூசினார்கள். அது வெள்ளீயம். காரீயம் விஷம். பூசுகிறவரிடம் எது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊறுகாய்க்குப் பீங்கானும் கண்ணாடியும் நல்லது.

குழந்தைகள் புளிப்பு மிட்டாயை நாள் முழுதும் சப்புகின்றன. அமிலம் பல்லின் மேல் பூச்சை அரிக்கும். சாப்பிட்டதும் வாயைக் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சோடாவைக் குறைக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவில் ஒன்றேகால் கிராம் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள் சோடியம் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பருப்பு சீக்கிரம் வேகட்டும் என்று சோடா போடும் பழக்கத்தையும் விடலாம். அது பருப்பில் உள்ள பி1 வைட்டமினை அழிக்கிறது.

ஊறுகாய், ஜாம், சாறு செய்து விற்கிறவர்கள் எலுமிச்சை உப்பையும் சோடாவையும் உதிரியாக வாங்க வேண்டாம். உணவுத் தரம் என்று அச்சடித்த பொட்டலமாக வாங்குங்கள். அதில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தந்த 14 இலக்க உரிம எண் இருக்கும். விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.

எழுதி ஒட்டுங்கள்

வெள்ளைத் தாளில் நான்கு துண்டு வெட்டுங்கள். கீழே உள்ளதைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். வீட்டில் உள்ள டப்பாக்களில் ஒட்டுங்கள். கடைசி இரண்டையும் சிவப்பு மையில் எழுதுங்கள். அந்த டப்பாக்களை அடுப்படியில் வைக்காமல், குழந்தைக்கு எட்டாத வேறு இடத்தில் வையுங்கள்.

எலுமிச்சை உப்பு. உணவுக்கு. 330.

சமையல் சோடா. உணவுக்கு. 500.

சலவை சோடா. துணிக்கு மட்டும். தின்னக் கூடாது.

காஸ்டிக் சோடா. விஷம். தொடக் கூடாது.